தாரணிக்குட்டிக்குப் பிரேக் நல்லாவே பிடிக்கும்

உக்காருங்க டீச்சர். அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லுததுக்கு உங்களுக்குச் சங்கடமா இருக்கும், அதனால நானே சொல்லிருதேன். பிரேக்கு. இந்த டூர் பஸ்ஸுக்குப் பிரேக்கு பிடிக்குமான்னு பார்த்துட்டுப் போக வந்திருக்கீங்க. அந்தப் படத்தைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க.

ஏட்டி தாரணி, உங்க கிளாஸ் டீச்சர் வந்திருக்காங்க பாரு. ஜூஸ் போட்டுக் கொண்டா. புளியங்குடிக்கு வந்துட்டு எலுமிச்சம்பழ ஜூஸ் குடிக்காமப் போனா ஊருக்கே கேவலம் டீச்சர். நீங்க இந்த வருசம்தானே வந்தீங்க, போகப்போகத் தெரிஞ்சுக்கிடுவீங்க.

பிரேக்கு நல்லாத்தான் இருக்கு. மொதல்ல அதைச் சொல்லிருதேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி எஃப்.சி. இப்பத்தான் முடிஞ்சுது. வேணும்னா இந்த நிமிசமே வண்டியை எடுத்து மெயின் ரோட்டுல ஒரு ஓட்டு ஓட்டி, நீங்க கைகாட்டுற இடத்துல நிறுத்திக் காட்டுதேன். வேண்டாமா? சரி. இப்படி வேண்டாம்னு சொல்லுதவங்கதான் வீட்டுக்குப் போயிட்டு போன் பண்ணி, "அண்ணாச்சி, இந்த வருசம் வேற வண்டி பார்த்திருக்கோம்"ங்காங்க.

அந்தா நிக்குது பாருங்க. முன்கண்ணாடிக்கு மேல என்ன எழுதியிருக்கு? தாரணிக்குட்டி. இவ பொறந்த வருசம் மொத வண்டி வாங்குனேன், அதுக்கு இவ பேரை வெச்சேன். அதைக் குடுத்துட்டு இதை வாங்குனேன், இதுக்கும் இவ பேருதான். கொடைக்கானல், தேக்கடி, மைசூர், மூணாறுன்னு தாரணிக்குட்டி போகாத ஊரு கிடையாது. உங்க ஸ்கூல் பிளஸ் ஒன் பிள்ளைங்க வருசா வருசம் டூர் போறது இதுலதான். இந்த வருசம் மத்த ஸ்கூல்காரங்க எல்லாம் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க. உங்க ஸ்கூல் ஒண்ணுதான் மிச்சம். நீங்களும் கையை விரிச்சுட்டா, இந்தச் சொள்ளமுத்துவை நம்பிப் பிள்ளைங்களை அனுப்ப முடியாதுன்னு ஊரு முடிவு பண்ணிரும். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆள் ஏத்திப் பிழைச்சுக்கிடலாம் டீச்சர், அது பிரச்சினையில்ல. அந்தப் பேச்சுதான் எனக்குத் தாங்காது.

எல்லாம் அந்தப் படத்தால வந்தது. படத்தோட பேரை நான் சொல்ல மாட்டேன். என் வாயால அதுக்கு எதுக்கு விளம்பரம்.

டைரக்டரு சின்ன வயசு. எந்நேரமும் தொப்பி போட்டிருப்பான். மரியாதை தெரிஞ்ச தம்பிதான், அதையும் சொல்லணும்லா. போன மே மாசம் இங்கனதான் வந்து நின்னான். இந்தச் சேர்ல இல்ல, கால் ஆடுற சேர்ல உக்காந்தான். அப்பவே சுதாரிச்சிருக்கணும். "அண்ணாச்சி, ஸ்கூல் பிள்ளைங்க டூர் போற கதை. ஹீரோன்னு தனியா யாரும் இல்ல, பஸ்ஸுதான் ஹீரோ"ன்னான். பஸ்ஸுதான் ஹீரோன்னா நான் என்ன நினைப்பேன்? ஹீரோவுக்கு அப்பன் நான்னு டீக்கடை டீக்கடையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

நடிக்கிற பிள்ளைங்க நாலஞ்சு பேரு மெட்ராஸ்ல இருந்து வந்தாங்க. பின்னால உக்காருததுக்கு நிஜப் பிள்ளைங்க வேணும்னு உங்க ஸ்கூல்ல கேட்டாங்க. பத்தாவது பரிட்சை எழுதிட்டுச் சும்மா இருந்ததுகளை எச்.எம். அனுப்பி வெச்சாங்க. இவளும் போகணும்னா. சரின்னுட்டேன். ஏன்னு கேளுங்க. ஓட்டப்போறது யாரு? நான். எனக்குப் பின்னால மூணாவது சீட்டுல உக்கார வெச்சேன். அந்தச் சீட்டு கண்ணாடியில நேராத் தெரியும்.

மொத நாளு உங்க ஸ்கூல் வாசல்ல ஷூட்டிங். பஸ்ஸு கெளம்புது, பிள்ளைங்க கையைக் காட்டுது, பெத்தவங்க கண்ணைத் துடைக்காங்க, அவ்வளவுதான் சீனு. நான் வழக்கம்போல சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழமா வெச்சு, சாமியைக் கும்பிட்டு, எடுத்தேன். சதக்குன்னு நசுங்கிச்சு. டைரக்டருக்கு ரொம்பச் சந்தோசம். "அருமை அண்ணாச்சி. இன்னொரு தடவை போகலாம்"ன்னான். வண்டியைப் பின்னால எடுத்தேன். எறங்கிப்போய்ப் புதுப் பழம் வெச்சேன்.

"எதுக்கு அண்ணாச்சி, வெச்ச பழம்தான் இருக்கே"ங்கான். தம்பி, அது நசுங்கிப்போன பழம். அது அந்தப் பயணத்துக்கு. பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஸ்கூல் வாசல்ல இருந்து வண்டி கெளம்புதுன்னா புதுப் பழம் நசுங்கணும். நீ படத்துக்குக் கெளம்பச் சொல்லுதியோ நெசத்துக்குக் கெளம்பச் சொல்லுதியோ, வண்டிக்கு அதெல்லாம் தெரியாதுன்னு சொன்னேன். அவன் தொப்பியைக் கழட்டி மறுபடி போட்டுக்கிட்டான்.

அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் அந்த வாசல்லதான் கெளம்பிக்கிட்டே இருந்தோம். ஒரு தடவை மேகம் வந்துருச்சு. ஒரு தடவை ஆடு குறுக்க போச்சு. ஒவ்வொரு தடவையும் நான் பழம் வைக்கேன். கையில அட்டை வெச்சிருந்த ஒரு பிள்ளை, முந்தின ஷாட்டுல இருந்த மாதிரியே எல்லாம் இருக்கான்னு பார்க்கிறது அதுக்கு வேலையாம். அது தலையில கையை வெச்சுக்கிட்டு அழாத குறை. வண்டி கெளம்புறதுக்கு முன்னாலயே ரோட்டுல பழம் நசுங்கிக் கெடந்தா படம் பார்க்குதவங்க சிரிப்பாங்கன்னு, தண்ணி ஊத்தி, பிரஷ் போட்டு, நாலு பேரு ரோட்டைத் தேய்க்காங்க. நான் மறுபடி வைக்கேன். மார்க்கெட்டுல இருந்து ஒரு சாக்குப் பழம் வந்து எறங்குச்சு. சாயங்காலம் அந்தத் தெருவுல நடந்தா நாக்குல எச்சி ஊறும் டீச்சர்.

இப்பப் படத்துல என்ன வருதுன்னு கேளுங்க. பழம் நசுங்கல. சக்கரம் உருளும்போது பழம் நைசா வழுக்கி, ஓரத்துக்கு உருண்டு, சாக்கடைக்குள்ள போயிருது. அதை மட்டும் பெருசாக் காட்டுதான். அப்பவே தியேட்டர்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, இந்த வண்டி வெளங்காதுன்னு. எப்ப எடுத்தான் தெரியுமா? நான் டீ குடிக்கப் போயிருந்த நேரம். வேற யாரையோ ஏத்தி விட்டு, ரெண்டடி நகட்டி, எடுத்துட்டான். நான் ஓட்டும்போது ஒரு பழம் உருண்டிருக்குமா? சொல்லுங்க.

கதை என்னன்னா, மலைப்பாதையில பிரேக்கு போயிருது. வண்டி மண்மேட்டுல முட்டி நிக்குது. டிரைவரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வாறேன்னு எறங்கிப் போறான். போறவன் போறவன்தான். ஒயின்ஷாப்புல மட்டையாயிருதான். பிள்ளைங்க தேயிலைத் தோட்டத்துல தங்கி, சண்டை போட்டு, சமாதானமாகி, காதலிச்சு, கடைசியில அதுகளே வண்டியைத் தள்ளி எடுத்துக்கிட்டு வருதுங்க. வண்டி நெத்தியில தாரணிக்குட்டின்னு எழுதியிருக்கு. கடைசிவரைக்கும் எழுதியிருக்கு.

நான் பீடி சிகரெட் கிடையாது டீச்சர். பிராந்திக்கடைப் பக்கமே தலை வெச்சுப் படுத்ததில்ல. பிள்ளைங்களை எறக்கி விட்டுட்டு நான் ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட மாத்து ஆள் நிறுத்திட்டுத்தான் போவேன். என்னைப் போயி.

டிரைவரா நடிச்சவன் காமெடி நடிகன். பேரைச் சொன்னாச் சிரிப்பீங்க, அதனால சொல்லல. பழகுறதுக்குன்னு என்கூட ரெண்டு நாள் வண்டியில வந்தான். நானும் பெரிய மனுசன் பக்கத்துல உக்காந்திருக்கானேன்னு கியர் எப்படிப் போடணும், கொண்டை ஊசி வளைவுல எப்ப ஹாரன் அடிக்கணும்னு எல்லாம் சொல்லிக் குடுத்தேன். அவன் கியரைப் பார்க்கவே இல்லைன்னு பின்னாலதான் தெரியுது. என்னைப் பார்த்திருக்கான். படத்துல அவன் கழுத்தை இப்படி ஒடிச்சு, கண்ணாடியைப் பார்த்து, "ஏய், யாரது எந்திரிச்சு நிக்குறது, உக்காரு. ஜன்னலுக்கு வெளியில கையை நீட்டாத. சீட்டு மாறாத. பாட்டு மலை எறங்குன பிறகுதான்"ங்கான். தியேட்டரே சிரிக்குது. நான் எங்க டீச்சர் அப்படிப் பேசுதேன்?

தாரணி, அங்கன எதுக்கு நிக்க? ஜூஸை டீச்சர் கையில குடு. தட்டை ஆட்டாத. நிமிர்ந்து நட. டீச்சர் சேலை நுனியில கொட்டிராத. குடுத்துட்டு உள்ள போ.

நல்ல பிள்ளை. அதிர்ந்து பேச மாட்டா. உங்க கிளாஸ்ல எப்படி? பேசுவாளா? நல்லாப் பேசுவாளா? அப்படியா.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? கண்ணாடி. டீச்சர், டூர் போனா நீங்க முன்சீட்டுல உக்காருவீங்க. மலை ஏறுறதுக்குள்ள தூங்கிருவீங்க. உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன். முழிச்சிருக்கிறது நான் ஒருத்தன்தான். எனக்கு ரோடும் தெரியும், கண்ணாடியில பின்னால நடக்குறதும் தெரியும். எந்தப் பையன் எந்தப் பிள்ளைக்குக் கடலை மிட்டாய் நீட்டுதான், வீட்டுல ஊமையா இருக்கிற பிள்ளை எப்படிக் கத்திக் கத்திப் பாடுது, எது யாரு தோள்ல சாஞ்சு தூங்குது, எல்லாம் தெரியும். இந்த ஊருல பாதி வீட்டுப் பிள்ளைங்களை அதுகளைப் பெத்தவங்களுக்குத் தெரியாத மாதிரி எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியில சொன்னதில்ல. அப்படிப்பட்டவனைப் போயி குடிகாரன்னு காட்டியிருக்கான்.

அப்புறம் மலையில ஷூட்டிங். அங்கதான் என்னை ஓரங்கட்டுனாங்க. அந்த நடிகனுக்கு நெசமா ஓட்டத் தெரியாது. அதனால தாழ்வான ஒரு லாரி மேல நம்ம வண்டியை ஏத்தி, கட்டி, லாரி இழுத்துக்கிட்டுப் போகுது. அவன் சும்மா ஸ்டியரிங்கைத் திருப்புதான். என் சீட்டுல உக்காந்து. கண்ணாடி இருந்த எடத்துல கேமரா மாட்டணும்னு கண்ணாடியையும் கழட்டிட்டாங்க. நானே கழட்டிக் குடுத்தேன், அவங்க கழட்டுனா ஸ்க்ரூ மரை போயிரும். "நீங்க முன்னால லாரியில உக்காந்துக்கிடுங்க அண்ணாச்சி"ன்னுட்டாங்க. பிள்ளை பின்னால இருக்கா, நான் முன்னால இருக்கேன், நடுவுல கண்ணாடி இல்ல. லாரிக்காரன் ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பார்த்தேன். கழுத்து சுளுக்குனதுதான் மிச்சம்.

படம் வந்த அன்னைக்குக் குடும்பத்தோட போனோம். ஊரே வந்திருந்துச்சு. வண்டி வரும்போது விசில் அடிச்சாங்க. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. பழம் உருண்டதும் பக்குன்னுச்சு. அப்புறம் அந்த மலைப்பாதைப் பாட்டு. பிள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு ஆடுதுங்க. மெட்ராஸ் பிள்ளைக்குப் பின்னால, நடு வழியில, மஞ்சச் சுடிதார் போட்டு ஒரு பிள்ளை ஆடுது. கண்ணை மூடிக்கிட்டு, கையைத் தூக்கிக்கிட்டு. யாரு பெத்த பிள்ளையோ, இந்த ஆட்டம் ஆடுதேன்னு நினைச்சேன். அந்தச் சுடிதாரை நான்தான் மதுரை டிரிப் போயிட்டு வரும்போது வாங்கிட்டு வந்தேன்னு தெரியுறதுக்குள்ள அவ கண்ணைத் திறந்து சிரிச்சுட்டா.

வாயைத் திறந்து சிரிக்கா டீச்சர். ஈறு தெரிய. ரெண்டு செகண்டு இருக்குமா, அவ்வளவுதான். வீட்டுல அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. அதை விடுங்க. நான் சொல்ல வந்தது அது இல்ல. நான் சொல்ல வந்தது பின் டயரு. பாட்டுல ஒரு எடத்துல பின் டயரைக் காட்டுதான். அது வழவழன்னு மொட்டையா இருக்கிற மாதிரி தெரியுது. அது வெளிச்சம் அப்படி. டயரு புதுசு.

அதைச் சரியாப் பார்க்கணும்னு அப்புறமும் நாலஞ்சு தடவை போனேன். பிரேக்கு போற சீன்ல வண்டி நம்பர் தெரியுதான்னும் பார்க்கணும்லா, வக்கீலைப் பார்த்தா கேப்பாரு. மத்தியான ஷோவுக்குப் போவேன். கூட்டம் இருக்காது. பாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சு வந்துருவேன்.

என்ன? பிரேக்கு போற சீனு பாட்டுக்கு அப்புறம்தானே வருதுன்னா? ஆமா. அப்புறம்தான் வருது. அது வந்து, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கல. வயித்தெரிச்சல். அதான் வந்துருவேன். ஜூஸைக் குடிங்க டீச்சர்.

படம் ஓடுச்சு. ஓடுன ஓட்டத்துல நான் நின்னுட்டேன். பெட்ரோல் பங்குல டீசல் போடப் போனா, "அண்ணாச்சி, தள்ளிக்கிட்டு வந்தீங்களா, ஓட்டிக்கிட்டு வந்தீங்களா"ங்காங்க. மார்க்கெட்டுல என்னைக் கண்டா ஒரு பழத்தை எடுத்துத் தரையில உருட்டி விட்டுச் சிரிக்காங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். ஒரு ஸ்கூல்ல, ஊரு வேண்டாம், பத்து வருசமா நான்தான் ஓட்டுதேன். அங்க உள்ள வாத்தியாரு கூப்பிட்டு, "உங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. பெத்தவங்க பயப்படுதாங்க"ன்னாரு. படம் பொய்னு எல்லாருக்கும் தெரியும் டீச்சர். தெரிஞ்சும் பயப்படுதாங்க. என் வீட்டுக்காரி, வண்டி மேல உள்ள பேரை அழிச்சு வேற பெயிண்ட் அடிச்சிருங்கன்னா. என் பிள்ளை பேரை நான் எதுக்கு அழிக்கணும்?

ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. டூர் கெளம்புற அன்னைக்குப் பெத்தவங்க வாசல்ல நிப்பாங்கல்லா, அவங்க பஸ்ஸைப் பார்க்க மாட்டாங்க. டிரைவரு முகத்தைத்தான் பார்ப்பாங்க. ஒரு வருசம் ஒரு அம்மா, பீடி சுத்துற பொம்பளை, மகளை ஏத்தி விட்டுட்டு நேரா என் ஜன்னலுக்கு வந்துட்டா. வேற ஒண்ணும் கேக்கல. "அண்ணே, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"ன்னா. "பொம்பளைப்பிள்ளை இருக்கு தாயி"ன்னேன். அவ்வளவுதான். கண்ணைத் துடைச்சுட்டுத் தள்ளி நின்னுக்கிட்டா. அந்த ஒரு பதிலை நம்பி, பெத்த பிள்ளையை ரெண்டு நாளைக்கு எவன்கிட்டயோ குடுத்து அனுப்புதா. எப்பேர்ப்பட்ட மனசு வேணும் அதுக்கு? அப்படி நம்பிக் குடுத்த பிள்ளைங்கள்ல ஒண்ணுக்கு நான் ஒரு கீறல் விழ விட்டிருக்கேனா? அந்த நம்பிக்கையைத்தான் டீச்சர் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டி விட்டுக் கெடுத்துட்டான்.

நீங்களே உங்க எச்.எம்.கிட்ட எடுத்துச் சொல்லணும். சொள்ளமுத்துவை நம்பி அனுப்பலாம்னு.

என்னது? நீங்க வண்டி விசயமா வரலியா?

அது முடிவாயிருச்சா? எப்ப? எச்.எம். நாளைக்கு என்னைக் கூப்பிடுவாங்களா? பிள்ளைங்களே கேட்டாங்களா? தாரணிக்குட்டி இல்லன்னா டூரே வேண்டாம்னு எச்.எம். ரூம் வாசல்ல போய் நின்னாங்களா? படத்துல வந்த வண்டிங்கறதுக்காகவா? பாருங்களேன். இந்த ஊருல மூளை உள்ளது பூராவும் பதினாறு வயசுலதான் இருக்கு. ஏட்டி, உங்க அம்மையைக் கூப்பிடு. டீச்சருக்கு முறுக்கு எடுத்து வைக்கச் சொல்லு. இதை நீங்க வந்தவுடனே சொல்லியிருக்கலாமே டீச்சர். நான்தான் பேச விடலியா? அதுவும் சரிதான்.

அப்பம் எதுக்கு வந்தீங்க?

தாரணியா? அவளுக்கு என்ன? மார்க்கு குறைஞ்சுட்டாளா?

ஓ. அதுவா.

கிளாஸ்ல எல்லாரும் வாறாங்க, இவ ஒருத்திதான் வரலன்னு சொல்லியிருக்கா. ஆமா டீச்சர். அவ டூருக்கெல்லாம் வர மாட்டா. பழக்கமில்ல. ஆறாங்கிளாஸ்லயும் போகல, எட்டுலயும் போகல. அவளுக்கு அதுல ஆசை கிடையாது. எந்த ஊருக்குப் போனாலும் நான் அவளுக்கு வாங்கிட்டு வந்துருவேன்லா. கொடைக்கானல்ல இருந்து மப்ளரு, மைசூர்ல இருந்து சந்தனத்துல ஆனை, தேக்கடியில இருந்து ஏலக்காய் மாலை, ஊட்டித் தைலம் மட்டுமே ஒரு அலமாரி நிறைய இருக்கு. எல்லா ஊரும் வீட்டுக்கே வந்துருது. போய்ப் பார்க்க என்ன இருக்கு?

அப்படிப் பார்க்காதீங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாது. நான் கண்ணாடியில பார்த்தவன். எது எதைப் பார்த்திருக்கேன்னு சொன்னேன்லா. அந்தக் கடலை மிட்டாய், அந்தத் தோள்ல சாயுறது, எல்லாம். அது எதுவும் தப்பில்லதான். தப்புன்னு நான் சொல்லல. ஊர்ப் பிள்ளைங்க செஞ்சா அது சின்னப்பிள்ளைங்க விளையாட்டு. அதுவே.

பெத்தவங்க என்னை நம்பி அனுப்பணும்னு இப்பத்தானே சொன்னேன்னு கேக்கீங்க. சொன்னேன். அது வேற, இது வேற. எப்படி வேறன்னா, அது வந்து டீச்சர், முறுக்கு எடுத்துக்கிடுங்க. மொறுமொறுன்னு இருக்கும்.

சரி. சரி, வரட்டும். நீங்க வீடு தேடி வந்து கேட்டுட்டீங்க. நான் ஓட்டுற வண்டிக்கு நானே பிள்ளையை அனுப்பலன்னு வெளியில தெரிஞ்சா அதுவும் நல்லாருக்காது. வரட்டும். எனக்குப் பின்னால மொத சீட்டு. மூணாவது வேண்டாம், மொத சீட்டு. சாப்பாடு என்கூட. தாரணி, கேட்டுச்சா? டீச்சருக்காக விடுதேன். நீ டூர் வார.

என்ன சொன்ன?

இங்க வந்து சொல்லு. கதவு மறைவுல நின்னுக்கிட்டு டம்ளருகிட்டச் சொல்லாத.

டீச்சர், கேட்டீங்களா இவ சொல்லுதத? நான் ஓட்டுனா வர மாட்டாளாம். தாரணிக்குட்டியில போணும்னு ஊரே சண்டை போடுது, இவ தாரணிக்குட்டியிலயே வருவாளாம், ஆனா நான் ஓட்டக்கூடாதாம். ஏன்ட்டி? நான் என்ன குடிகாரனா? உனக்கு நான் என்ன குறை வெச்சேன்? டீச்சர் முன்னால அப்பனை இப்படிச் சொல்லலாமா? எனக்கு நெஞ்சு வலிக்குதுட்டி. சும்மா சொல்லல, நெசமாவே என்னமோ செய்யுது.

என்ன? சத்தமாச் சொல்லு.

ம்.

டீச்சர் இருக்கட்டும், பரவாயில்ல, சொல்லு. கேக்கேன்.

ம்.

இல்ல டீச்சர், ஒண்ணுமில்ல. நீங்க உக்காருங்க. அவ சொல்லுதா, மத்தியான ஷோவுக்கு நான் தனியாப் போறது அவளுக்குத் தெரியுமாம். டிக்கெட் கிழிக்கிறவன் தங்கச்சி இவ கிளாஸ்தானாம். எதுக்குப் போறேன்னும் தெரியுமாம். "அப்பா, நீங்க திருப்பித் திருப்பிப் பார்க்கப் போற அந்த ஷாட்டு, கண்ணாடியைக் கழட்டுன பிறகு எடுத்தது"ங்கா.

நான்தான் கழட்டிக் குடுத்தேன். மரை போயிரக் கூடாதுன்னு.

டயரைப் பார்க்கப் போகல டீச்சர். நீங்க கேட்டப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஒரு நிமிசம் இருங்க. போன் பண்ணிட்டு வந்துருதேன். இல்ல, இங்கனயே பேசுதேன், நீங்களும் கேளுங்க. சவேரின்னு ஒருத்தன், நம்ம ஆக்டிங் டிரைவரு. ஆக்டிங்னா அந்த நடிகன் மாதிரி இல்ல டீச்சர், நமக்கு முடியலன்னா வந்து ஓட்டிக் குடுக்கிறவன். நல்ல கை. நானே பழக்குன கை. ஏட்டி, போகாத, இங்கனயே நில்லு. நீ எங்க வேணும்னாலும் உக்காந்துக்கோ. பின்சீட்டு வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும். சரி, பின்சீட்டுலயே உக்காரு. எனக்கு என்ன தெரியப்போகுது. காலையில வாசலுக்கு வந்து பழம் மட்டும் நான் வைப்பேன். அதுக்கும் வரக்கூடாதுன்னு சொல்லிராத.

ஹலோ, சவேரி. நான்தான். உங்க ஸ்கூல் டூர் என்னைக்கு, எந்த ஊருக்கு டீச்சர்? சவேரி, வர்ற வெள்ளியும் சனியும் வேற எதுவும் ஒத்துக்கிடாத. தேக்கடி. இல்ல, நான் வரல. நீதான் ஓட்டுத. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லடே. நல்லாத்தான் இருக்கேன். மலை ஏறும்போது அவசரப்படாத. தெரியும், உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். சொல்லணும்லா, சொல்லுதேன். எறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எறங்காத, கியர்ல எறங்கு. உள்ள இருக்கிற கண்ணாடியை மேல பார்க்கத் திருப்பி வெச்சிரு. ஆமா, அந்தக் கண்ணாடிதான். பிள்ளைங்க ஆடுனா ஆடட்டும். நீ ரோட்டைப் பாரு.

அப்புறம் சவேரி, இன்னொண்ணு கேக்கணும். சிரிக்காத. போன ஞாயித்துக்கிழமைகூட உன் வீட்டு வாசல்ல உன் மகளைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் நின்னேன், எல்லாம் தெரியும். இருந்தாலும் உன் வாயால சொல்லு. உனக்குப் பொம்பளைப்பிள்ளை இருக்குல்லா?